குருவி எங்கும் போகவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் நோட்டுப் புத்தக அட்டையில் இருக்கும் குருவியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தச் சின்னத்தைத் திருத்தியதிலிருந்து, "கம்பெனி கைமாறிவிட்டது" என்ற பேச்சு பரவிவருகிறது. அதற்குப் பதில் சொல்லவே இந்த மடல்.

கம்பெனி கைமாறவில்லை. பங்கு எதையும் விற்கவில்லை. வெளியார் யாரும் கூட்டுச் சேரவில்லை. பைண்டிங் செய்பவர்களும் கோடு போடும் ரூலிங் இயந்திரத்தில் நிற்பவர்களும் பழைய ஆட்களேதான். வேறொருவர் வாங்கியிருந்தால் முதல் வேலையாகக் குருவியைத்தான் தூக்கியிருப்பார். அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களைப் பார்த்து "விற்றுவிட்டார்கள்" என்று சொல்வது எங்களுக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

பிறகு ஏன் திருத்தினோம்? நான்கு வண்ண அச்சில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியாக விழுகிறது. ஒன்று மயிரிழை விலகினாலும் இறகின் மெல்லிய கோடுகள் கலங்கிவிடும். கைபேசித் திரையிலோ குருவி வெறும் கறையாகத் தெரிந்தது. புதிய சின்னத்துக்கு இரண்டு வண்ணங்கள் போதும். அச்சுச் செலவு ஏறியிருக்கும் நேரத்தில் அதுவும் ஒரு காரணம்தான்.

எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. பறவையே இல்லாமல் எழுத்து மட்டும் போதும் என்றார் வடிவமைப்பாளர். நாங்கள் சம்மதிக்கவில்லை. 2010இல் அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் (Gap) தன் நீலச் சதுரச் சின்னத்தை மாற்றிவிட்டு, எதிர்ப்பு தாங்காமல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழையதற்கே திரும்பியது. 2019இல் மாஸ்டர்கார்டு தன் பெயரையே சின்னத்திலிருந்து எடுத்தது. ஒன்றோடொன்று கலக்கும் அந்த இரண்டு வட்டங்களை எல்லோரும் அறிந்திருந்ததால் அது எடுபட்டது. கடை அடுக்கில் உங்கள் கண் எதைத் தேடுகிறதோ அதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம். தூக்கிய வாலும் இடப்பக்கம் திரும்பிய தலையும் அப்படியே இருக்கின்றன. இறகுக் கோடுகளும் குருவி உட்கார்ந்திருந்த கிளையும் மட்டும் போயின.

புதிய அட்டையுடன் வரும் 200 பக்க நோட்டில் இனி 192 பக்கங்கள் இருக்கும், விலையில் மாற்றமில்லை.

"கிளை எங்கே?" என்று உரிமையோடு கேட்டு எழுதியவர்களுக்கும், வதந்தியை நம்பாமல் எங்களிடமே விசாரித்த கடைக்காரர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் கோபத்திலும் அக்கறை இருந்தது. அது எங்களுக்குப் பெரிய பலம். பழைய அட்டை நோட்டுகள் இருப்பு தீரும்வரை கடைகளில் கிடைக்கும். பக்க எண்ணிக்கை மாறினாலும், இரண்டிலும் ஒரே வகைத் தாள்தான்.

அன்புடன்,
உரிமையாளர்