முஸாபிரைக் கேலி செய்யாதீர்கள்: வட சென்னை ஜமாஅத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முத்தவல்லிமார்களே, ஹஜ்ரத்மார்களே, அஸ்ஸலாமு அலைக்கும்.

மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பள்ளிகளில் எந்த வக்துத் தொழுகைக்குப் போனாலும் முஸாபிர்கள், அதாவது பயணத்தில் உள்ள வெளியூர்க்காரர் சிலர், இருப்பார்கள். ஹார்பருக்கு லோடு ஏற்றி வந்த டிரைவர், சென்ட்ரலில் ரயில் ஏறப் போகிறவர், எம்.சி. ரோட்டில் ஜவுளி எடுக்க வந்த கடைக்காரர். நான் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. மஸ்அலா (மார்க்கச் சட்டம்) சொல்லித்தர வரவில்லை. நீங்கள் மதரஸாவில் ஓதியதை மிம்பரில் (பள்ளியின் பிரசங்க மேடை) ஏறியும் சொல்லுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஒரு பள்ளியில் நான் பார்த்தது இது. நெல்லூரிலிருந்து வந்த டிரைவர் ஒருவர். லுஹர் எனும் மதியத் தொழுகையின் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) முடிந்துவிட்டதால் பின் வரிசையில் தனியாக நின்று இரண்டு ரக்அத் (தொழுகையின் சுற்று) தொழுது ஸலாம் கொடுத்தார். தூணில் சாய்ந்திருந்த பெரியவர், "மீதி ரெண்டு எங்க தம்பி, லாரியிலயா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் எழுந்து, மறுபடி தக்பீர் கட்டி நாலு தொழுதுவிட்டுப் போனார்.

பயணத்தில் நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்குவதே கஸ்ரு. ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழி) அவருக்கு அது வாஜிப் (கட்டாயம்), ஷாஃபியில் அனுமதி. அவர் முதலில் தொழுததில் இரண்டு மத்ஹபுமே குறை காணாது. சிரித்தவர்களுக்கு இது தெரியாமல் போனதற்கு யார் பொறுப்பு?

"ஏசி கோச்சில் படுத்துக்கொண்டு போகிறவனுக்கு எதற்குச் சலுகை?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இதே மாதிரிக் கேள்வி ஸஹாபாக்கள் (நபித் தோழர்கள்) காலத்திலேயே வந்துவிட்டது. குர்ஆனில் சூரத்துன் நிஸாவின் 101ஆம் வசனம் பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாம் என்னும்போது எதிரிகளின் பயத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இப்போதுதான் பயம் இல்லையே என்று யஃலா இப்னு உமைய்யா (ரலி) உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். தமக்கும் அந்தச் சந்தேகம் வந்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதாக உமர் சொன்னார். "அது அல்லாஹ் உங்களுக்குத் தந்த ஸதகா (தர்மம்), அதை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பது கிடைத்த பதில். ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் நூலில் இருக்கிறது. சலுகை பயணத்துக்கு, சீட்டு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதற்கல்ல.

ரமலானில் நிலைமை இன்னும் மோசம். நோன்பை விட அனுமதி இருந்தும், கேபின் திரையை இழுத்துவிட்டு, திருடனைப் போல இட்லி சாப்பிடும் முஸாபிர்களைப் பார்க்கிறேன். நபியவர்களோடு பயணம் போனபோது நோன்பு வைத்தவர் வைக்காதவரையும், வைக்காதவர் வைத்தவரையும் குறை சொன்னதில்லை என்கிறார் அனஸ் (ரலி). நம் தெருவில் அந்தப் பண்பைக் காணோம். மறுபக்கம், காலை ஒன்பது மணிக்கு இங்கே வண்டியை எடுத்து, காரனோடை தாண்டியதும் டீ குடிக்கிற நம் பையன்களும் இருக்கிறார்கள். சுபுஹு (வைகறை) வக்துக்கு முன்பே ஊர் எல்லையைக் கடந்திருந்தால்தான் அன்றைய நோன்பை விடலாம் என்பதில் நம் இரண்டு மத்ஹபும் ஒன்று. விட்டதை ஒன்றுக்கு ஒன்று களா செய்ய (பிறகு நோற்க) வேண்டும் என்பதும் பலருக்கு நினைவில் இல்லை. வைக்க முடிகிறவர் பயணத்திலும் வைப்பதே மேல் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மண்ணடியில் கூட்டு வியாபாரம் செய்யும் இருவரை எனக்குத் தெரியும். ஒருவர் ஹனஃபி, மற்றவர் ஷாஃபி. பத்து நாள் தங்குவதாக முடிவு செய்துகொண்டு சூரத்துக்குப் போவார்கள். 15 நாளுக்குக் குறைவாகத் தங்கும் நிய்யத் (எண்ணம்) என்பதால் அறையில் தனியாகத் தொழும்போது ஹனஃபிக்காரர் சுருக்குவார். வந்த நாளும் கிளம்பும் நாளும் போக 4 நாள் தங்கும் நிய்யத் இருந்தாலே ஷாஃபிக்காரருக்குச் சலுகை போய்விடும், அவர் நாலு தொழுவார். ரயிலில் ஷாஃபிக்காரர் லுஹரையும் அஸரையும் (மாலைத் தொழுகை) ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுவார். ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா என்ற இடங்கள் தவிர வேறெங்கும் அப்படிச் சேர்க்கக்கூடாது என்பது மற்றவரின் மத்ஹப். இவர்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் பள்ளியில்தான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்து ஜும்ஆ பயான் (வெள்ளிக்கிழமை உரை) ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். வக்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: சலுகைக்கான பயணத் தூரம் ஹனஃபியில் சுமார் 77 கிலோமீட்டர், ஷாஃபியில் 80ஐ ஒட்டி, அதுவும் போகும் தூரம் மட்டும். கும்மிடிப்பூண்டிக்குப் போய்த் திரும்புகிறவர் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டாம். சுபுஹிலும் மஃரிபிலும் (அந்தித் தொழுகை) சுருக்கம் இல்லை. ஊர்க்கார இமாமுக்குப் பின்னால் நின்றால் முஸாபிரும் நாலுதான்.

இன்னொன்று, இது உலமாக்கள் கூடிப் பேசித் தீர்க்க வேண்டியது. பயணம் ஊரின் கட்டடங்களைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது என்கிறது ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்). இன்றைய சென்னையில் அந்த எல்லை எது? மாதவரமா, புழலா, செங்குன்றத்துக்கும் அப்பாலா? வடக்கே போகிற டிரைவர் ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு பதில் வாங்கிக்கொண்டு போகிறார். காஞ்சிபுரம் போகிறவருக்கோ, தூரத்தை வீட்டிலிருந்து அளப்பதா, ஊர் எல்லையிலிருந்து அளப்பதா என்பதிலேயே தீர்ப்பு மாறிவிடும். இரண்டு மத்ஹபு ஆலிம்களும் உட்கார்ந்து பேசி, ரமலான் பிறைக்கு முன்னால் எழுத்தில் கொடுங்கள். அச்சடித்து எங்கள் ஆபீஸ் கவுண்டரில் வைத்து, பில்லோடு சேர்த்து டிரைவர்களிடம் கொடுப்பது என் பொறுப்பு.

வஸ்ஸலாம்,
மண்ணடி லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர்