ஞாயிறு சந்திப்பு: ஆளுக்கு ஒரு பரிந்துரை

வணக்கம் நண்பர்களே. ஜூன் 14, ஞாயிறு மாலை 5 மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் கூடுகிறோம். இந்த முறை தலைப்பு, வழக்கத்துக்கு மாறான இசையும் உடையும்.

1. உங்களுக்குப் பிடித்த ஒரு குழு அல்லது பாணி; அது உங்கள் வாழ்க்கைக்குள் எப்படி வந்தது? ஆளுக்கு ஐந்து நிமிடம்.

2. என் பங்கு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு. கானாவைக் கோட்டு சூட்டோடு பாடினார்களே, அந்தக் காட்சியே பாதிப் பாட்டு!

3. பழைய சட்டையும் ஊக்கும் எடுத்து வாருங்கள். எழுபதுகளில் லண்டனில் பங்க் (punk) என்ற முரட்டு ராக் இசையின் ரசிகர்களான இளைஞர்கள் கிழிசலில் ஊக்குக் குத்தியதைச் செய்து பார்ப்போம். காலர் நைந்த என் காலேஜ் சட்டை தயார்.

4. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடவும். வெறும் கட்டைவிரல் எமோஜி கணக்கில் வராது.