ஐந்து பொத்தான் எடுத்துத் தா

அன்புள்ள மகளுக்கு,

இருபது வரை தடங்கலில்லாமல் சொல்கிற பிள்ளை, ஐந்து பொத்தான் கேட்டால் கைநிறைய அள்ளித் தருகிறானே என்று கவலைப்பட்டு எழுதியிருந்தாய். மூன்றரை வயதில் அப்படித்தான் இருக்கும். அவனுக்கு இப்போது 'ஒன்று, இரண்டு, மூன்று' என்பது பாட்டு மாதிரி ஒரு வரிசை, அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் ஓர் அளவைக் குறிக்கிறது என்பது மெல்லத்தான் பிடிபடும்: முதலில் ஒன்று, சில மாதம் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று. அதற்குப் பிறகு, பெரும்பாலும் நாலு வயதை ஒட்டி, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது விளங்கிவிடும். அவன் எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பார். திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால் இன்னும் விளங்கவில்லை என்று அர்த்தம். திட்டாதே. நீயே "ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் மூன்று" என்று சொல்லிக் காட்டு.

மூன்றைத் தாண்டாமல் ஆரம்பி. விரலால் தொட்டு எண்ணச் சொன்னால் விரல் ஒரு வேகத்தில் போகும், வாய் இன்னொரு வேகத்தில் போகும். ஒன்றை விட்டுவிடுவான், இன்னொன்றை இருமுறை எண்ணுவான். அதனால் ஒவ்வொன்றையும் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே சொல்லட்டும். எண்ணியது எது, எண்ணாதது எது என்ற குழப்பமே வராது.

பெரிய எண்களுக்குப் போகும்போது இரண்டு இடத்தில் தடுக்குவான். இருபத்தொன்பதுக்கு அடுத்து "இருபத்திப்பத்து" என்பான். முறையைப் பிடித்துக்கொண்டதால் வருகிற தவறு அது, சந்தோஷப்படு. இன்னொன்று எண்பதுக்குப் பிறகு. இருபது, முப்பது என்று 'பது'விலேயே வந்த வரிசை திடீரென்று தொண்ணூறு என்று மாறினால் பிள்ளை என்ன செய்யும்? அதைத் தனியாகச் சொல்லிப் பழக்க வேண்டியதுதான்.

எழுத்துக்கு வருகிறேன். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டி ஒப்பிக்க வைக்காதே. அ முதலில் வருகிறது என்பதற்காக அதையே முதலில் எழுதச் சொல்வது பெரிய தொல்லை. சுழி, வளைவு, படுக்கைக்கோடு, நெட்டுக்கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில் இருக்கின்றன. ட, ப, ம என்று தொடங்கு. ட, ப இரண்டும் நேர்க்கோடுகள்தான், ம-வில் ஒரு வளைவு கூடும். இந்த மூன்றும் ஒரு புள்ளியும் இருந்தாலே படம், பட்டம், மட்டம் என்று படித்துவிடலாம்.

புள்ளியில்தான் நிறையப் பிள்ளைகள் சறுக்குவார்கள். ம் என்பதை 'இம்' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் 'ப, ட, இம்' என்று எழுத்துக் கூட்டுகிற பிள்ளைக்கு அது 'படம்' என்று எப்படித் தெரியும்? உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று நீட்டிக் காட்டு. கொம்பு வைத்த எழுத்துகளைக் கடைசிக்குத் தள்ளிவிடு. 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கிறவனுக்கு அது புதிர். கா, கி, கீ நன்றாகப் பழகட்டும். கு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறதே, அவற்றைச் சொற்களோடு சேர்த்தே கற்றுக்கொடு.

பென்சிலுக்கு அவசரமில்லை. வட்டம் மூன்று வயதிலும், கூட்டல் குறி நாலு வயதை ஒட்டியும் கைக்கு வரும். சாய்கோடு இன்னும் தாமதம். இப்போதைக்குத் தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதட்டும். முழு சாக்பீஸ் வேண்டாம், விரல் நுனியளவுத் துண்டு கொடு. முஷ்டியால் பிடிக்க இடமிருக்காது, மூன்று விரல் தானாகச் சேரும். 3-ஐத் திருப்பிப் போட்டால் பயப்படாதே, ஏழு வயது வரைகூட அப்படி வரும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அவன் எழுந்து ஓடினால் விட்டுவிடு. பொத்தான் பெரியதாகப் பார்த்து எடு, சின்னது வாய்க்குள் போய்விடும்.

அன்புடன்,
அம்மா