கதவில் விழுந்த கோடு

வெள்ளவத்தை, கொழும்பு 6
ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் நலம். அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? கார்க் கதவில் யாரோ கோடு இழுத்துவிட்டுப் போனதாகப் போன வாரம் போனில் புலம்பினீர்கள். அதற்கு நாலு நாள் முன்னால்தான் என் ஆல்டோவுக்கும் அதே கதி. திட்டுவீர்கள் என்று மறைத்தேன். இப்போது ஒருவழியாகச் சரி செய்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்துகளை இங்கே ஒழுங்கை என்கிறார்கள். பெயரில்தான் ஒழுங்கு. எங்கள் ஒழுங்கையில் எதிரே வந்த ஆட்டோ (இங்கே ‘த்ரீவீல்’) வலப்பக்கக் கதவை முழு நீளத்துக்கும் உரசிக்கொண்டு போனது. டிரைவர் இறங்கி வந்து, “அனே மல்லி” என்று தலையைச் சொறிந்தார். ‘ஐயோ தம்பி’ என்று அர்த்தம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு காசு கேட்க மனசு வரவில்லை.

ஆல்டோவுக்கு இவ்வளவு கவலையா என்று சிரிக்காதீர்கள். தூத்துக்குடியில் தெருவுக்கு நாலு நிற்கும். இங்கே அது சொத்து. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, சொந்தக் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அதிலும் வரியைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் பழைய கார் வாங்க வருகிறவர்கள் குனிந்து நிமிர்ந்து, ‘ஒரிஜினல் பெயின்டா’ என்று தடவித் தடவிப் பார்க்கிறார்கள். கராஜில் காட்டினேன். கதவு முழுக்கப் புதுசாக அடிக்க வேண்டும் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்.

தடுத்தது மாடி வீட்டு அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்றவர். “தம்பி, முதல் வடிவாக் கழுவிப்போட்டுப் பாருங்கோ” என்றார். வடிவு என்றால் அழகு என்றுதானே நமக்குத் தெரியும்? அழகாக வேறு கழுவ வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். ‘நன்றாக, ஒழுங்காக’ என்பதற்கும் இவர்களுக்கு அதே சொல்தான். அப்படிக் கழுவி, துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்ததும் பாதிக் கோட்டைக் காணோம்! அது கீறலே இல்லை, ஆட்டோவின் பெயின்ட் நம் கதவில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்களும் முதலில் இதைச் செய்து பாருங்கள். அவசரப்பட்டுத் தின்னரைத் தொடாதீர்கள், உள்ள பெயின்டையும் கரைத்துவிடும்.

மிச்சக் கோட்டில் நகத்தைக் குறுக்கே ஓட்டச் சொன்னார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேலாக இருக்கிறது, மாட்டினால் ஆழம். தகட்டின் மேல் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். மேல் கீறல் என்பது அந்தக் கிளியரில் விழுந்த பள்ளம்தான். அதன் ஓரங்களில் வெளிச்சம் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. காம்பவுண்ட் (தேய்ப்புத்தூள் கலந்த பசை) போட்டுத் தேய்க்கும்போது பள்ளம் நிரம்புவதில்லை. சுற்றியுள்ள மேடு தேய்ந்து சமமாகிறது. அதாவது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிளியர் போகிறது, திரும்ப வராது. ஆபீசில் ஒருவர் பற்பசையே போதும் என்றார். அதிலும் மெல்லிய தேய்ப்புத்தூள் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் மயிரிழைக் கீறலுக்கு மேல் அதனால் ஆகாது.

நான் செய்த முட்டாள்தனத்தையும் கேளுங்கள். மத்தியான வெயிலில் காரை நிறுத்திக் காம்பவுண்டைப் பூசினேன். சூட்டில் அது காய்ந்து இறுகி, துடைத்து எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. அடுத்த நாள் காலை, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது ஒரு சாண் அளவு இடமாக மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்தேன். துணியை அடிக்கடி பார்த்துக்கொண்டேன். கார் நிறம் துணியில் ஏறினால் ஒன்று மேலே கிளியர் கோட்டே கிடையாது, இல்லையென்றால் அதைத் தேய்த்துத் தாண்டிவிட்டோம். எனக்கு வெள்ளையாகவே வந்தது. கதவின் விளிம்புப் பக்கம் மட்டும் அழுத்தாதீர்கள், அங்கே பெயின்ட் மெலிசு.

கைப்பிடிக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு நகம் மாட்டியது, தகடும் தெரிந்தது. கடற்கரை ஓரமாக ரயில் போகும் ஊர் இது. இந்த உப்புக்காற்றில் தகட்டைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்று உப்பளத்து ஊர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பழைய ஸ்கூட்டரே சாட்சி. அதற்கு மட்டும் பிரைமர் தொட்டு, பிறகு டச்சப் பெயின்டைத் தீக்குச்சி முனையால் மெல்லிசாக மூன்று தடவை வைத்தேன். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கிளியரும் வைத்து ஒரு வாரம் விட்டு, மேடு தட்டியதை 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்து லேசாகச் சமன் செய்து, பாலிஷ், கடைசியில் வாக்ஸ். கிட்டே போனால் இன்னும் தெரியும். பத்தடி தள்ளி நின்றால் அங்கிளுக்கே தெரியவில்லை, அவர் கண்ணாடி போடாமல்தான் பார்த்தார் என்றாலும்.

உங்களுக்கும் இங்கிருந்தே டச்சப் வாங்கி அனுப்பலாம் என்று பார்த்தால், தீப்பிடிக்கும் சாமானை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். உங்கள் காரிலேயே கதவு ஓரத்திலோ பானட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் நிறத்தின் குறியீட்டு நம்பர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போய் அங்கேயே கலந்து வாங்குங்கள், கண் மதிப்பில் வாங்காதீர்கள். அப்புறம், தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுகிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். அந்த வட்ட வட்டக் கோடெல்லாம் அதனால் வந்ததுதான்.

அக்காவிடம் சொல்லுங்கள், தைப்பொங்கலுக்கு வருகிறேன். திரும்பும்போது அங்கிளுக்கு இரண்டு பெட்டி மக்ரூன் கொண்டுவர வேண்டும், வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மச்சினன்