கிரஷர் முதலாளிகளுக்கு ஒரு மடல்

கல்குவாரியும் கிரஷரும் நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊருக்கு மேற்கே 3 கிரஷர்கள் ஓடுகின்றன. யாருடையவை என்பது இங்கே வேண்டாம். அந்தப் பக்கம் முருங்கை மரம்கூட வெள்ளையாகத்தான் நிற்கும். என் சித்தப்பா 18 வருஷம் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் குழி போட்டவர். வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் அதை உதறினால் மாவு மில் போலப் பறக்கும். தூசியெல்லாம் துண்டிலேயே நின்றுவிட்டது என்று நம்பினார்.

கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் சளியும் பெரும்பாலும் பிடித்துத் தள்ளிவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்த, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்தான் துண்டின் இழைகளுக்கு நடுவே நுழைந்து நுரையீரலின் காற்றுப்பை வரை போகிறது. கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸ் என்றால் சிலிக்கா. நுரையீரலைக் காவல் காக்கும் செல்கள் அதை விழுங்கி, செரிக்க முடியாமல் சாகின்றன. துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். அந்த இடமெல்லாம் புண் ஆறிய தழும்பு போலத் தடித்துவிடுகிறது. மூச்சை இழுத்தால் தழும்பு விரியுமா? வேலையை விட்டு நின்ற பிறகும் இது வளரும். குணமாக்க மருந்து கிடையாது.

சித்தப்பாவுக்கு முதலில் டிபி என்றார்கள். 6 மாதம் மாத்திரை. சளியில் கிருமியே இல்லை, ஆனாலும் இன்னொரு 6 மாதம். (சிலிக்கா ஏறிய நெஞ்சில் டிபி சுலபமாகத் தொற்றும் என்பதும் உண்மை. அதனால் டாக்டர்களை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை.) "என்ன வேலை பார்த்தீங்க?" என்று மூன்றாவது டாக்டர்தான் கேட்டார். சிலிகோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய். இப்போது கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறார்.

சட்டப்படியே இதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் எந்த வருகைப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. ராஜஸ்தான் அரசு 2019-இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து நோயாளிகளுக்குப் பண உதவி தருகிறது. சரி, அது இங்குள்ள அரசிடம் கேட்க வேண்டியது. உங்களிடம் கேட்பது தூசியை அடக்கும் தண்ணீர் மட்டும்தான்.

கல்லைக் கொட்டும் ஹாப்பரிலும் ஜல்லி விழும் பெல்ட் முனையிலும் தெளிப்புக் குழாய் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு ஆள் வரும் அன்று திறக்கிறார்கள்; ஜீப் கிளம்பியதும் மூடுகிறார்கள். ஈரமானால் சல்லடை அடைத்துக்கொள்ளும், லோடு குறையும், தெரியும். சல்லடையைத் தட்டிவிட ஓர் ஆளைப் போட்டால் என்ன கூலி ஆகிவிடும்? குழி போடும் கம்பிக்குள்ளேயே தண்ணீர் விட்டுத் துளைக்கும் கருவியும் கிடைக்கிறது. மாஸ்க் கொடுத்துப் போட்டோ எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா மகன் இப்போது அதே கிரஷரில்தான் ஜல்லி லோடு ஏற்றுகிறான். எங்கள் பள்ளிக்கூடமோ கிழக்கே இருக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். அதற்குள் அந்தக் குழாயைத் திறந்துவிடுங்கள்.