பத்து வேலை நாள் கேட்கிறோம்: கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை இரவு 9.40 மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கடிதத்தின் படம் வந்தது. கல்வி உதவித்தொகைக்கு இதுவரை விண்ணப்பிக்காதவர்களும், விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உரிய சான்றுகளுடன் மறுநாள் மாலை 4 மணிக்குள் அலுவலகத்துக்கு வர வேண்டும், தவறினால் கல்லூரி பொறுப்பேற்காது என்று அதில் இருந்தது. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் கண்ணில் இன்னொன்றும் பட்டது. கடிதத்தின் மேல் மூலையில் இருந்த தேதி 11 நாளுக்கு முந்தையது.

அந்த 11 நாளும் எங்கே போயின என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கடிதம் அலுவலகத்துக்கு வருகிறது, வரவுப் பதிவேட்டில் எண் பெறுகிறது, தங்கள் மேசைக்குப் போய்க் கையொப்பத்துடன் திரும்புகிறது. பிறகு துறைத் தலைவர்களின் குழுவுக்குப் படமாகப் போகிறது. அவர்கள் வகுப்பு ஆசிரியருக்கு, அவர் வகுப்புப் பிரதிநிதிக்கு, பிரதிநிதி குழுவுக்கு. நடுவில் ஒருவர் விடுப்பில் இருந்தால் அந்தத் துறைக்கு மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போகிறது. ஒருவர் படத்தை வெட்டி அனுப்பினால் இணைப்புப் படிவம் காணாமல் போகிறது. பழைய முறையில் அலுவலக உதவியாளர் சர்க்குலர் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக வருவார். இப்போதும் எப்போதாவது வருகிறார், காலைச் சுழற்சிக்கு மட்டும். மதியம் 1.30 மணிக்கு வரும் இரண்டாம் சுழற்சிக்காரர்கள் அந்த நோட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வகுப்பு நேரத்தில் கைப்பேசி பிடிபட்டால் பறிமுதல், பெற்றோர் வந்து கையெழுத்திட்டால்தான் திரும்பக் கிடைக்கும். அந்த விதியில் எங்களுக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஆனால் கல்லூரி எங்களோடு பேசுவது அந்தக் கைப்பேசியில் மட்டும்தான் என்றால் நாங்கள் எந்த விதியைப் பின்பற்றுவது?

ஒரே ஒரு நாளில் என்ன முடியும் என்று பார்ப்போம். வருமானச் சான்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். போன ஆண்டுச் சான்று செல்லாது, அதன் ஆயுள் ஓராண்டுதான். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். குடும்ப அட்டை, ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். கேன் எண் (இ-சேவையில் விண்ணப்பிக்கத் தேவையான குடிமக்கள் பதிவு எண்) இல்லாதவர் முதலில் அதை எடுக்க வேண்டும், அதற்கு ஓடிபி வர வேண்டும். சர்வர் படுத்துவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான். விண்ணப்பம் ஏறிய பிறகு கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டும், அடுத்து வருவாய் ஆய்வாளர், அதற்கும் மேலே துணை வட்டாட்சியர். கூலி வேலை செய்கிறவரிடம் சம்பளச் சீட்டு ஏது? ஆகவே வி.ஏ.ஓ. விசாரிக்க வேண்டும். அவர் கையில் இரண்டு கிராமங்களின் பொறுப்பு இருக்கும், அல்லது ஜமாபந்தி (ஆண்டு வருவாய்க் கணக்குச் சரிபார்ப்பு) வேலை இருக்கும். எல்லாம் சுமுகமாக நடந்தாலே ஒரு வாரம். நடுவில் ஒருவர் விளக்கம் கேட்டுத் திருப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு நடைக்கும் அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வங்கிக் கணக்குச் சிக்கல் இதைவிட நுட்பமானது. கணக்கில் ஆதார் எண்ணைச் சேர்த்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும்படி என்பிசிஐ (வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) பதிவில் அந்தக் கணக்கு ஏறியிருப்பது வேறு. பாஸ்புத்தகத்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. 'ஆதார் இணைத்தாகிவிட்டது' என்று நம்பிப் படிவம் கொடுத்தவருக்குப் பணம் வராது, அல்லது எப்போதோ தொடங்கி மறந்துபோன வேறு வங்கிக் கணக்குக்குப் போய்விடும். பள்ளியில் தொடங்கிய கணக்கில் இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லையென்றால் அது செயல்படாத கணக்கு ஆகிவிடும். அதற்கு மீண்டும் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுக்க வேண்டும், பிறகுதான் ஆதார் பதிவு, அது ஏறுவதற்கு மேலும் சில நாட்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் சிலருக்கு வராமல் நிற்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வங்கியில் இதற்கான படிவத்தை நிரப்ப கால் மணி நேரம் போதும். ஆனால் அதை நிரப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு அலுவலக சன்னல் மூடியபோது வரிசையில் நின்றவர்களிடம் 'இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்' என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான், கேட்ட இடம்தான் தவறு.

ஐயா, எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மாணவர் ஏதேனும் செய்ய வேண்டிய எந்த அறிவிப்பும், கடைசி நாளுக்குப் பத்து வேலை நாளுக்கு முன்னால், எழுத்தில், தமிழில், அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ அவ்வளவு அவகாசம் தராமல் அனுப்பினால், வந்த அன்றே பலகைக்கு வந்துவிட வேண்டும். வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது பலகைக்குத் துணையாக இருக்கட்டும், பலகைக்குப் பதிலாக வேண்டாம்.

முன்கூட்டியே சொல்லும் வழக்கம் நம் கல்லூரியில் இல்லை என்றும் சொல்ல முடியாது. சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே வாசலில் 20 அடிக்குப் பிளெக்ஸ் ஏறிவிடுகிறது. அவருடைய பட்டங்கள் ஒரு எழுத்து விடுபடாமல் அச்சாகின்றன, மெய்ப்பு இருமுறை பார்க்கப்படுகிறது. பொன்னாடை எத்தனை, நினைவுப் பரிசு எத்தனை, யார் யாருக்கு வரவேற்பு நடனம், எல்லாம் தயார். அரங்கம் காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காக மூன்று துறைகளின் வகுப்புகளை ரத்து செய்து எங்களை 9.30 மணிக்கே உட்கார வைக்கிறார்கள். விருந்தினர் 11.45 மணிக்கு வருகிறார். அந்த இரண்டேகால் மணி நேரத்தில் மேடை மைக்கில் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சோதிப்பதற்குப் பதிலாக, தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று யாராவது ஒருவர் வாசித்திருக்கலாம். கூட்டம்தான் தயாராக உட்கார்ந்திருக்கிறதே.

கோபத்தில் சற்று விலகிப் போய்விட்டோம், பொறுத்தருள வேண்டும். விழாக்கள் வேண்டாம் என்பது எங்கள் எண்ணமல்ல.

நிகழ்ச்சிகளுக்கும் இந்த அவகாசம் தேவைப்படுகிறது. ரத்த தான முகாமை அன்று காலை 10 மணிக்கு வகுப்பில் வந்து அறிவிக்கிறார்கள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் முந்தைய தானத்துக்குப் பிறகு 90 நாளும் பெண்கள் 120 நாளும் கடந்திருக்க வேண்டும். விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்துச் சாப்பிடாமல் வருகிறவர்கள் நம் கல்லூரியில் பாதிப் பேர். அவர்களைத் திடீரென்று வரிசையில் நிறுத்தினால் சிலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், சிலர் உண்மையை மறைத்துக் கொடுத்துவிட்டு மயங்கி விழுகிறார்கள். மூன்று நாள் முன்னதாக ஒரு தாள் ஒட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள், முகாமுக்கும் கூடுதல் யூனிட் கிடைத்திருக்கும். வேலைவாய்ப்பு முகாமிலும் இதே கதைதான். நிலுவைத் தாள் (இன்னும் தேர்ச்சி பெறாத பாடம்) இருந்தால் வரலாமா கூடாதா என்ற ஒரு வரி இல்லாததால், வந்து காத்திருந்து திரும்பியவர்களின் பேருந்துச் செலவுக்கு யார் கணக்கு?

தேர்வுக் கட்டண அறிவிப்பு வெள்ளிக்கிழமை மாலை வந்து, திங்கள் கடைசி நாள் என்றால் அதை மூன்று நாள் அவகாசம் என்று எண்ணக் கூடாது. அது இரண்டாவது அல்லது நான்காவது சனிக்கிழமையாக இருந்தால் வங்கி இல்லை, ஞாயிறு எப்படியும் இல்லை. கையில் கிடைப்பது திங்கள் காலை மட்டும். அதனால்தான் வேலை நாள் என்று அழுத்திக் கேட்கிறோம்.

தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அறிவிப்பு எண். அலுவலகத்துக்கு வந்த நாள், பலகையில் ஒட்டிய நாள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். இந்த இரண்டு தேதிகள் இருந்தாலே தாமதம் யாருடையது என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பிறகு யாருக்கு என்பது: எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்தச் சுழற்சி. கடைசி நாளுடன் கிழமையும் நேரமும். 'உரிய சான்றுகள்' என்று எழுதாமல் எந்தச் சான்று, எத்தனை நகல், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் கையொப்பம் வேண்டுமா, சுயசான்று போதுமா என்ற விவரம். கட்டணம் எவ்வளவு, இணையத்திலா வரைவோலையா, தாமதக் கட்டணம் உண்டா. எந்த சன்னலில், எந்த இருக்கையில் கொடுப்பது. தேதி மாறினால் பழைய தாளில் பேனாவால் அடித்துத் திருத்தாமல், பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய தாள். இத்தனையும் ஒரு ஏ4 பக்கத்தில் அடங்கும்.

ஒட்ட வேண்டிய இடங்கள் ஐந்து: முகப்பு, நூலக வாசல், மாணவியர் ஓய்வறை, விடுதி, பேருந்து நிற்கும் பின்வாயில். முகப்பில் இருக்கும் கண்ணாடிப் பலகை பூட்டியே கிடக்கிறது. உள்ளே இருப்பது சென்ற ஆண்டு விளையாட்டு விழாவின் முடிவுகள். உயரம் தாண்டுதலில் மூன்றாம் இடம் யார் என்பது கல்லூரியில் எல்லோருக்கும் மனப்பாடம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் நான்காவது பிரிவு, பொது அமைப்புகள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. செலவு, உள்ளூர் மொழி, அந்தப் பகுதியில் மக்களை நன்றாகச் சென்றடையும் வழி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளவும் சொல்கிறது. எந்தெந்த வழிகளில் என்று அதே பிரிவு விளக்கும்போது முதலில் வருவது அறிவிப்புப் பலகை. மனு போட்டுப் பெற வேண்டிய நிலைக்கு எங்களைத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி அமைக்க வேண்டிய மாணவர் குறைதீர் குழுவின் உறுப்பினர்கள் யார் என்பதையும் பலகையில் முதல் தாளாக ஒட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

சென்ற வெள்ளிக்கிழமை சான்று இல்லாமல் திரும்பியவர்களின் பட்டியல் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. அவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கேட்டு நலத்துறை அலுவலகத்துக்குக் கல்லூரியின் சார்பில் ஒரு கடிதம் எழுதுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். கடிதம் வந்த நாளையும் மாணவருக்குச் சொன்ன நாளையும் அதில் அப்படியே குறிப்பிட்டால் அவகாசம் கிடைப்பது எளிது. அடுத்து வரப்போவது பருவத் தேர்வுக் கட்டண அறிவிப்பு. அதிலிருந்தாவது இந்தப் பத்து வேலை நாள் முறை தொடங்கட்டும்.

ஆள் போதவில்லை என்று அலுவலகம் சொன்னால், சுழற்சிக்கு இருவர் வீதம் நாங்களே ஒட்டித் தருகிறோம். கையொப்பமிட்ட தாளின் ஐந்து நகலும் பலகைச் சாவியும் காலை 11 மணிக்குள் கிடைத்தால் போதும். பசை எங்கள் செலவு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரு சுழற்சி இளநிலை மாணவ மாணவியர்