வரம்பை மொட்டையாக்காதீர்கள்: பெரும்போகக் கூட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

திருகோணமலை மாவட்டக் கமக்கார அமைப்புகளின் தலைவர்களுக்கும் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைமாருக்கும் வணக்கம்.

தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் வயல்வெளிகளுக்குத் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடிக்கும் நாளையும் போகக் கூட்டத்தில்தான் தீர்மானிக்கிறீர்கள். அதே கூட்டத்தில் இன்னும் இரண்டு தீர்மானங்கள் வேண்டும். வரம்பு முழுக்கக் களைநாசினி அடிப்பதை நிறுத்த வேண்டும். விதைத்து முதல் 40 நாளுக்கு, வயலைப் பார்க்காமல் கிருமிநாசினி அடிப்பதையும் நிறுத்த வேண்டும்.

உழவு இறங்கியதும் சிலந்திக்கும் தரைவண்டுக்கும் ஒதுங்க மிஞ்சுவது வரம்புப் புல்தான். தண்ணீர் கட்டிய வயலில் மக்கும் வைக்கோலை அண்டி, பயிரைத் தொடாத சிறு ஈக்கள் பெருகும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்தி வந்து சேருமுன்பே அவற்றைத் தின்று சிலந்திகள் வயலுக்குள் பெருகிவிடும். வரம்பு கருகிக் கிடந்தால் அந்தத் தொடக்கமே இல்லை.

நாற்று இளசாக இருக்கும்போது குனிந்து பாருங்கள். முதுகில் கவைபோலக் கோடுள்ள பழுப்புச் சிலந்தி ஒன்று, வலை பின்னாமல், தண்ணீர் மேலேயே ஓடும். பெண் சிலந்தி முட்டைப்பையை வயிற்று நுனியில் ஒட்டிக்கொண்டு திரியும்; பொரித்த குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். ஒரு நாளில் 5 முதல் 15 இரை வரை பிடிக்கும். பச்சையும் கறுப்புமான மிரிட் பூச்சியோ தத்தியின் முட்டைகளைத் தேடி உறிஞ்சும், நாளுக்கு 7 முதல் 10 வரை. இதைத் தத்தி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். இது நம் வயலின் பெரிய இழப்பு.

தத்தி தன் முட்டையை இலைமடலின் உள்ளே இடுகிறது. மருந்து அங்கே போய்ச் சேராது. மேலே நின்ற சிலந்தியும் மிரிட்டும் செத்துவிட, ஒன்றிரண்டு கிழமையில் பொரிக்கும் குஞ்சுகளைத் தின்ன ஆளிருக்காது. செயற்கைப் பைரித்திரோயிட் வகை மருந்துகள் இதில் மிக மோசம். யூரியாவும் அளவு மிஞ்சினால் தத்தி பெருகி, வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்துபோகும். இளம்பயிரில் இலையை மடித்து உள்ளிருந்து தின்னும் மடிச்சுக்கட்டிப் புழு அழித்த இலையைப் பயிர் புது இலை விட்டு ஈடுசெய்துவிடும். அதற்காக அவசரப்பட வேண்டாம்.

வரம்பை அப்படியே காடாக விடச் சொல்லவில்லை. நண்டுத்துளை அடைக்க, தண்ணீர்ப் பக்கத்தை மண்வெட்டியால் செதுக்கிச் சேறு பூசத்தான் வேண்டும். மேற்புறத்துப் புல்லை வேரோடு எடுக்காமல் கத்தியால் வெட்டுங்கள். இன்று ஒரு வரம்பு, இரண்டு கிழமை கழித்து அடுத்தது. நெற்சப்பியும் மற்றப் புற்களும் கதிர் விடுமுன் வெட்டுப்பட வேண்டும். தவறினால் பால் பருவத்தில் நெல்லை உறிஞ்சும் மூட்டுப்பூச்சி அங்கிருந்துதான் வரும். வரம்பின் அகலம் 30 சென்ரிமீற்றரைத் தாண்டினால் எலி வளை தோண்டும். பூவுக்காகச் சிறுபோகத்தில் எள் தூவலாம். தத்தி முட்டையை அழிக்கும் நுண்குளவிகளுக்கு அந்தத் தேன் உணவு. பெரும்போக மழையில் எள் அழுகும், அப்போது இருக்கிற பூக்களைகளை விட்டுவைத்தாலே போதும். அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கொளுத்தாதீர்கள்.

மருந்து கேட்டு வருபவரிடம் வட்டவிதானை முதலில் ஒன்று கேட்கட்டும்: வயலுக்குக் குறுக்காக நடந்து, 20 இடத்தில் பயிரின் அடியைத் தட்டி, தண்ணீரில் விழுந்த தத்தி எத்தனை, சிலந்தியும் மிரிட்டும் எத்தனை என்று எண்ணினீர்களா? அந்தக் கணக்கோடு விவசாயப் போதனாசிரியரைக் கண்ட பிறகே மருந்து என்று கூட்டத்தில் எழுதி வையுங்கள்.